ஏழு மணி லொறி பதினொன்று இருபதுக்கு வந்தால்

1996இல் கொழும்புக்கு வந்ததிலிருந்து எட்டு வாடகை வீடு பார்த்துவிட்டேன். கொட்டாஞ்சேனையில் மூன்று, வெள்ளவத்தையில் நான்கு, இப்போது தெஹிவளை. இத்தனை மாற்றத்திலும் சொன்ன நேரத்துக்கு லொறி வந்தது ஒரே ஒரு தடவை. அந்தத் தடவை நாங்கள் ஆயத்தமாக இருக்கவில்லை.

வீடு மாறுவது பற்றி யாரிடம் கேட்டாலும் பெட்டி கட்டுவதைப் பற்றித்தான் சொல்வார்கள். பெட்டி எப்படியும் கட்டிவிடலாம். புறக்கோட்டையிலோ பக்கத்துக் கடையிலோ கேட்டால் அங்கர் பால்மா வந்த பெட்டியும் ஆப்பிள் பெட்டியும் கிடைக்கும். ஆளைச் சாய்ப்பது அதற்குப் பிறகு வருகிற காத்திருப்பு. கட்டில் கழற்றியாகிவிட்டது, கேஸ் கழற்றியாகிவிட்டது, உட்காரக் கதிரை இல்லை, ஒரு தேத்தண்ணி போடக் கேத்தலும் இல்லை, லொறியும் இல்லை. அந்த நாலு மணி நேரத்துக்கு நாம் எந்த ஆயத்தமும் செய்வதில்லை. நான் இப்போது அதற்குத்தான் முதலில் ஆயத்தம் செய்கிறேன்.

முதல் வேலை, புது வீட்டுச் சாவியை நாலைந்து நாள் முந்தியே வாங்குவது. பழைய வீட்டை 31ஆம் திகதி விட்டு, புது வீட்டுக்கு 1ஆம் திகதி போவதாகத்தான் எல்லாரும் கணக்குப் போடுவார்கள். முன்னே இருந்தவர்களும் அதே கணக்கில்தான் இருப்பார்கள். ஒரு தடவை நாங்கள் சாமானுடன் போய் இறங்கியபோது உள்ளே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் காயும்வரை சாமானெல்லாம் முற்றத்தில் கிடந்தது. நாலு நாள் வாடகை கூடப் போகிறதே என்று என் கணவர் முணுமுணுப்பார். போகட்டும். கொழும்பில் ஆறு மாத அட்வான்ஸ், ஒரு வருட அட்வான்ஸ் கொடுக்கிறோம், இந்த நாலு நாளிலா குறையப்போகிறது?

சாவி முந்திக் கிடைத்தால் இன்னொரு தலைவலியும் தீரும். நம் வீடுகளில் வீடு மாறுவதென்றால் நல்ல நேரம் பார்க்க வேண்டும், பால் காய்ச்ச வேண்டும். வெள்ளவத்தையில் மூன்றாவது வீட்டுக்குப் போன சனிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். ஒன்பதுக்கு முன்னம் உள்ளே போய்விடலாம் என்று லொறியை ஏழுக்குச் சொல்லியிருந்தோம். எல்லாம் ஏற்றிப் புது வீட்டு வாசலுக்குப் போகையில் ஒன்பது ஐந்து. மாமி இறங்க மாட்டேன் என்றுவிட்டா. ஒழுங்கையின் குறுக்கே லொறி, பின்னால் இரண்டு கார் ஹோன் அடிக்கிறது, சாரதிக்கு ராகு காலத்தை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளங்கப்படுத்துகிறேன். அவன் நல்ல பொடியன், விளங்கிக்கொண்டான். விளங்கிக்கொண்டு, காத்திருந்ததற்குத் தனியாகக் காசும் வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நான் லொறியையும் நல்ல நேரத்தையும் சேர்ப்பதே இல்லை. தெஹிவளைக்கு வந்தபோது வியாழக்கிழமை காலையிலேயே மாமியும் நானும் ஓட்டோவில் போனோம். சாமிப் படம், குத்துவிளக்கு, நிறைகுடத்துக்குச் செம்பு, அரிசி, உப்பு, மஞ்சள், ஒரு லீற்றர் பால், சின்ன மின் அடுப்பு. பால் பொங்கியது, விளக்கேற்றினோம், தேவாரம் பாடினோம், கதவைப் பூட்டிக்கொண்டு திரும்பினோம். மாமியைப் பொறுத்தவரை அன்றைக்கே வீடு குடிபூர்ந்தாகிவிட்டது. சனிக்கிழமை லொறி எத்தனை மணிக்கு வந்தாலென்ன?

அது பதினொன்று இருபதுக்கு வந்தது. ஏழு மணிக்கென்று சொன்ன லொறி. ஏழரைக்குப் போன் எடுத்தோம். ‘மே தெங் எனவா.’ இதோ இப்போது வருகிறேன் என்று பொருள், ஆனால் கொழும்பில் அதற்கு ஐந்து நிமிடத்திலிருந்து அரை நாள் வரை எதுவும் ஆகலாம். முந்திய மாற்றங்களில் இவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கத்துவார், கடைசியில் அவர்கள் போனை நிறுத்திவிடுவார்கள், அதோடு நமக்கிருந்த ஒரே தகவலும் போய்விடும். இந்தத் தடவை போன் என் கையில் மட்டும். ‘வருகிறீர்களா’ என்று கேட்கக் கூடாது. வருகிறேன் என்றுதான் சொல்வான். ‘தம்பி, இப்ப எங்க நிக்கிறீங்க, பக்கத்தில என்ன கடை இருக்கு?’ என்று கேட்க வேண்டும். மருதானையில் இன்னொரு வீட்டுச் சாமான் இறக்கிக்கொண்டிருப்பதாக அப்போதுதான் உண்மை வந்தது. சரி, அப்படியென்றால் பத்தரைக்கு முன்னம் வராது. அது தெரிந்தபிறகு எங்கள் வீட்டில் யாரும் யன்னலருகில் போய் நிற்கவில்லை. தாமதத்தின் அளவு தெரிந்தாலே பாதி எரிச்சல் அடங்கிவிடும். நம்மைக் கொல்வது அளவு தெரியாத தாமதம்.

எந்த நாளில் மாறுவது என்பதையும் கொஞ்சம் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். பள்ளிக்கூட நாளென்றால் காலை ஏழரைக்கு முன்னும் பகல் ஒன்றரைக்குப் பின்னும் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் காலி வீதியில் லொறியை விடாதீர்கள். சென் பீற்றர்ஸ், திருக்குடும்பக் கன்னியர் மடம், இந்துக் கல்லூரி என்று வரிசையாகப் பள்ளிக்கூட வான் நிற்கும். ஏப்ரல் புத்தாண்டுக்கு முன்பின் ஒரு கிழமை தொழிலாளர்களெல்லாம் ஊருக்குப் போய்விடுவார்கள், ஆள் கிடைக்காது. போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை நாளிலும் அப்படித்தான். பல தொடர்மாடிகளில் போயாவுக்கும் ஞாயிறுக்கும் சாமான் ஏற்றி இறக்க விடவும் மாட்டார்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் இடியோடு மழை கொட்டும், எனவே மூடிய லொறியைக் கேளுங்கள். பட்டா என்கிற திறந்த சின்ன லொறி மலிவுதான், மெத்தை நனைந்தால் அந்த மலிவு போச்சு. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வருகிற நாளில் ஒன்றும் அசையாது. ஆடியில் நம் ஆட்கள் வீடு மாறுவதில்லை என்பதால் அந்தத் தொல்லை தானாகவே விலகிவிடுகிறது.

மின்வெட்டையும் மறக்க வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு ஒழுங்கையிலிருந்து அடுத்த ஒழுங்கைக்கு மாறினோம். நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் இல்லாத நாட்கள் அவை. லொறிக்கு டீசலும் இல்லை. கடைசியில் தள்ளுவண்டியில் கொண்டுபோனோம். இப்போது அந்த நிலைமை இல்லை, ஆனால் திருத்தவேலைக்கென்று கரண்டை நிறுத்துகிற நாட்கள் இருக்கின்றன. லிப்ட் வீடென்றால் மின்தடை பற்றிக் கேட்கும் 1987 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்து அந்தத் திகதியைக் கேட்டுவிடுங்கள்.

லிப்ட் என்றதும் அலுமாரி ஞாபகம் வருகிறது. அம்மாவின் தேக்கு அலுமாரி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. தெஹிவளை வீடு நாலாம் மாடி. இவர் லிப்ட் கதவை அளந்தார். இரண்டடி எட்டு அங்குலம். அலுமாரியின் ஆழம் இரண்டடிகூட இல்லை, தாராளமாகப் போகும் என்றார். போனதுதான். போனபிறகு கதவு மூடவில்லை. அலுமாரியின் அகலம் மூன்றடி ஆறு, லிப்டின் உள்நீளம் மூன்றடி மூன்று. கதவை அளந்தவர் உள்ளே அளக்கவில்லை. அந்த மூன்று அங்குலத்துக்காக, புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைமார் இருவர் அதைக் கயிறு கட்டிப் படியால் தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி, சாய்த்து, ஒருவர் கீழே தோள் கொடுக்க மற்றவர் மேலே இழுத்து, முக்கால் மணி நேரம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் வைத்துத்தான் கூலிப் பேச்சு வந்தது. அலுமாரி அந்தரத்தில் நிற்கும்போது பேரம் பேச யாரால் முடியும்? கேட்டதைக் கொடுத்தேன். அவர்கள் கேட்டது அநியாயமும் இல்லை, அந்தப் படியில் வெறுங்கையோடு ஏறவே எனக்கு மூச்சு வாங்கியது. ஆனபடியால் லிப்டின் கதவு, உள்நீளம், உயரம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். ‘படியால் தூக்க வந்தால் எவ்வளவு’ என்பதைத் தரையில் நிற்கும்போதே பேசுங்கள். சில்லறைத் தாள்களும் கையில் இருக்கட்டும். 5,000 ரூபாய்த் தாளை நீட்டினால் மிச்சம் யாரிடமும் இருக்காது.

இனி, லொறியில் ஏறக் கூடாத பை. நான் ஒரு பழைய பள்ளிக்கூடப் பையைத்தான் பாவிக்கிறேன். அடையாள அட்டைகள், வாடகை ஒப்பந்தம், நகை, போன் சார்ஜர், பிளாஸ்க்கில் சுடுதண்ணி, தேயிலை, சீனி, நாலு கோப்பை, பிஸ்கற், ஒரு கத்தி, ஒரு ஸ்குரூடிரைவர், கழிவறைக் கடதாசி, சவர்க்காரம், மாற்றுடுப்பு. இதெல்லாம் இருந்தும் தெஹிவளைக்கு முந்திய தடவை ஒன்றைக் கோட்டைவிட்டேன். மாமியின் பிரஷர்க் குளிசை. காலையில் அவ குளிசை போட்டுவிட்டு டப்பாவை வழக்கம்போல ராக்கையில் வைத்தா. ராக்கையில் இருந்ததையெல்லாம் என் மகன் பெட்டியில் தள்ளி ஒட்டிவிட்டான். இரவு எட்டு மணிக்கு மாமி, ‘பிள்ளை, என்ர குளிசை எங்க?’ என்றா. அவ அதை இரண்டு தடவை கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் அந்தரமாக இருந்தது. பதினாலு பெட்டி திறந்தோம். ‘குசினி’ என்று எழுதியிருந்த பெட்டியில், சீயக்காய்ப் பக்கெட்டுக்கும் அரிதட்டுக்கும் நடுவில் இருந்தது. இப்போது மருந்துகளை முதல் நாள் இரவே பையில் போட்டு, அந்தப் பையிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறேன். இன்சுலின் எடுப்பவர்கள் வீட்டிலிருந்தால் ஐஸ் வைத்த ரெஜிபோம் பெட்டி ஒன்று தனியாக வேண்டும்.

முடிந்தால் வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் அன்றைக்குச் சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள். மாமி போக மாட்டா. அவவுக்காகவே இரண்டு பிளாஸ்டிக் கதிரையைக் கடைசியாக ஏற்றி, முதலாவதாக இறக்குகிறோம்.

சாப்பாட்டை லொறி வந்தபிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். வீட்டில் அன்றைக்கு நடக்கிற முக்கால்வாசிச் சண்டை பசியில் வருவது. காலையில் ரோல்ஸும் மாலுபாணும், பன்னிரண்டு மணிக்கு ஆளுக்கொரு சோத்துப் பார்சல், தூக்குகிற ஆட்களுக்கும் சேர்த்துத்தான். இன்னொன்று, எதை எறிவது, எதை வைத்திருப்பது என்ற பேச்சு அன்றைக்கு வேண்டவே வேண்டாம். இவருடைய உடைந்த ரேடியோவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அதுவும் தெஹிவளைக்கு வந்துவிட்டது, இன்னும் உடைந்துதான் இருக்கிறது.

லொறி பிந்தினால் இறக்குவதும் பிந்தும். எங்கள் தொடர்மாடியில் ஆறு மணிக்குப் பிறகு லிப்டில் சாமான் ஏற்றக் கூடாது. காவலாளியிடம் முந்திய நாளே போய், ‘ஐயா, லொறி பிந்தினால் என்ன செய்யலாம்’ என்று கேட்டுவைத்ததால் அரை மணி நேரம் கூடக் கிடைத்தது. ஆறு மணிக்கு வந்து கெஞ்சியிருந்தால் கிடைத்திருக்காது. நேரம் போதாதென்று தெரிந்தால் கட்டில், மெத்தை, பிரிட்ஜ், குசினிப் பெட்டி இரண்டு, இவற்றை மேலே ஏற்றுங்கள். மிச்சத்தைக் கீழே ஓர் ஓரமாக வைக்க இடம் கேளுங்கள். கட்டிலின் ஆணிகளை ஒரு சின்னப் பையில் போட்டு அதன் காலிலேயே கட்டிவிட்டால், இரவு பத்து மணிக்கு நிலத்தில் தவழ்ந்து தேடவேண்டி வராது.

பிரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் உடனே போடாதீர்கள். கம்பிரசர் எண்ணெய் கீழே இறங்க வேண்டும். படுத்திருந்த நேரமளவுக்காவது நிமிர்த்தி வைத்துவிட்டுப் போடுங்கள். கேஸ் ரெகுலேற்றரை மாட்டியதும் சவர்க்கார நுரையைப் பூசிப் பாருங்கள், குமிழி வந்தால் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.

பழைய வீட்டை விடும்போது கரண்ட் மீற்றரையும் தண்ணி மீற்றரையும் போனில் படமெடுங்கள், சுவரையும் யன்னலையும் சேர்த்து. வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரும் நேரத்தில் அந்தப் படம் பேசும். கிராம சேவகரிடம் பதிவது, விலாசம் மாற்றுவது எல்லாம் அடுத்த கிழமை வேலை. சனிக்கிழமை இரவு கட்டிலைப் பூட்டி, நுளம்புத்திரியைக் கொளுத்தி, மாமிக்குக் குளிசை கொடுத்ததும் நாங்கள் படுத்துவிட்டோம். பெட்டிகள் அப்படியே கிடந்தன.