ஊர்வீடு திருத்தப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடக்கும் பெற்றோரின் வீட்டைத் திருத்திவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு ஆடி, ஆவணியில் வெளிநாடுகளிலிருந்து பலர் வந்திறங்குகிறார்கள். பிள்ளைகளின் விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் அப்போதுதான். வேலை செய்விக்க மட்டும் அது தோதான காலம் அல்ல. நல்ல மேசன்மாருக்கு அந்த மாதங்களில் ஓய்வே இருக்காது. 25 நாள் திருவிழாவில் தேர், தீர்த்தம் என்று ஆட்கள் நின்றுவிடுவார்கள். அவசரப்படுத்தி கூரை ஓடுகளை இறக்கிவிட்டால், ஐப்பசி மாரி திறந்த வீட்டுக்குள்தான் பெய்யும். அதனால் விடுமுறையில் பாருங்கள், அளந்து எழுதுங்கள், ஆளைப் பேசி முடியுங்கள். வேலை தைப்பொங்கல் கழிந்து தொடங்கட்டும்.

முதலில் உறுதியை, அதாவது வீட்டின் உரிமைப் பத்திரத்தை, எடுத்துப் பாருங்கள். வீடு சகோதரர்களுக்கும் பொதுவானது என்றால், செலவு யாருடையது, பிறகு யாருக்கு என்ன பங்கு என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக அறை கட்டுவதானால் பிரதேச சபையின் அல்லது மாநகர சபையின் அனுமதி வேண்டும். உங்கள் சார்பில் செயற்பட உறவினருக்கு அற்றோணித் தத்துவம் (அதிகாரப் பத்திரம்) கொடுப்பதானால், திருத்த வேலைக்கும் அனுமதிகளுக்கும் மட்டும் என்று எல்லை குறித்துக் கொடுங்கள்.

பிறகு தலைமேசனோடு ஏணி வைத்து ஏறுங்கள். கூரையைத் தாங்கும் கைமரங்கள் சுவரில் பதியும் இடத்தில் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். கறையான் தின்ற மரத்தில் அது எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். வைரம் பாய்ந்த பழைய பனங்கைமரத்தில் நுனிகூட ஏறாது. அப்படிப்பட்ட மரத்தைத் தயவுசெய்து கழற்றி விறகாக்க விடாதீர்கள். இன்று கடையில் வாங்கும் பல மரங்கள் அதற்கு ஈடாகா. கூரை ஓடுகளை விரலால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் கழுவி மீண்டும் வேயலாம்.

பழைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. அவை நிலத்து ஈரத்தை இழுத்து வெளியே விடுபவை. மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, சில ஆண்டுகளில் பூச்சு பொம்மிக் கழன்றுவிடும். சுண்ணாம்புப் பூச்சுத் தெரிந்த மேசனைத் தேடிப் பிடிப்பது சிரமம்தான். ஆனாலும் தேடத்தான் வேண்டும்.

கூலி பேசும்போது “அதைப் பிறகு பார்ப்போம், தம்பி” என்பார்கள். மரியாதையோடு, அப்போதே பேசிவிடுங்கள். உடைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற வேலைகளை நாட்கூலிக்கும், அளந்து சொல்லக்கூடிய தளம், பூச்சு போன்றவற்றைச் சதுர அடிக் கணக்கில் கொந்தராத்துக்கும் (ஒப்பந்தத்துக்கும்) கொடுப்பது இரு பக்கத்துக்கும் நியாயம். சாமான் யார் வாங்குவது, தேநீரும் மதியச் சாப்பாடும் யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

மணல் கியூப் கணக்கில் வரும். ஒரு கியூப் 100 கன அடி. கொட்டும் முன் டிப்பர் பெட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கி, சில மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் தடிப்பாகச் சேறு படிந்தால் அந்த மணல் வேண்டாம். உங்கள் கிணறு உவர் என்றால் கொங்கிறீற்றுக்கு நன்னீர் எடுப்பியுங்கள். உப்பு உள்ளேயிருக்கும் கம்பியை அரித்துவிடும்.

புதிய மலக்குழி எங்கே வரவேண்டும் என்பதை மேசனிடம் மட்டும் விடாதீர்கள். குடாநாட்டின் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளால் நிறைந்தது. குழியின் நீர் கிணற்றைச் சேர அதிக நாள் எடுக்காது. அயல்வீட்டுக் கிணற்றையும் கணக்கில் எடுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடம் குறியுங்கள்.

பணத்தைக் கட்டம் கட்டமாக, முடிந்த வேலையின் படத்தைப் பார்த்த பின் வங்கி வழியாக அனுப்புங்கள். மேற்பார்க்கும் மைத்துனருக்கோ சித்தப்பாவுக்கோ போக்குவரத்துச் செலவையாவது கொடுங்கள். வேலையில் குறை கண்டால் அவர் மீது கோபப்படாதீர்கள். மேசனுக்குப் பேசிய மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒரு மாரி கழியும் வரை நிறுத்திவைப்பதாக முதலிலேயே சொல்லி ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். கார்த்திகை மழையில் ஒழுகவில்லை என்று தெரிந்ததும் மேசனுக்குரிய அந்தப் பணத்தை இழுத்தடிக்காமல் அனுப்பிவிடுங்கள்.