இரண்டு மணி நேரத் தீபாவளி: பெரம்பூர் அத்தையின் பட்டாசுக் கணக்கு

காலையில் ஆறிலிருந்து ஏழு, சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு. 2018-ல் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் என்று சொன்னதும் தமிழக அரசு பிரித்துக்கொடுத்த நேரம் இது. "இதெல்லாம் ஒரு தீபாவளியா?" என்று எங்கள் பெரம்பூர் பிளாட்டில் இன்னும் அலுத்துக்கொள்கிறார்கள். அண்ணன் பிள்ளைகள், எதிர்வீட்டு வாண்டுகள் எல்லோருக்கும் பட்டாசு மேஸ்திரி நான்தான். காலைக்கு எது, ராத்திரிக்கு எது என்று முதல் நாளே இரண்டு பையாகப் பிரித்துவிட்டால் நேரம் தாராளமாகப் போதும்.

தீவுத்திடலிலோ உரிமம் உள்ள தெருக்கடையிலோ வாங்குங்கள். பெட்டியில் பசுமைப் பட்டாசு முத்திரையும் க்யூஆர் கோடும் இருக்கிறதா என்று பாருங்கள். சரவெடி வேண்டாம். அதற்கும் அதே 2018 தீர்ப்பில் தடை. சிவகாசிப் பக்கத்திலிருந்து வரும் சொந்தக்காரரிடம் "அங்கே மலிவாமே, ஒரு பை வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிடாதீர்கள். ரயிலில் பட்டாசோடு பிடிபட்டால் மூன்று ஆண்டு வரை சிறை.

ஐப்பசி மழைக்குப் பட்டாசு நமுத்துப்போகும். முறத்தில் பேப்பர் விரித்து, காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் வையுங்கள், போதும். அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. தோசைக்கல்லில் சூடு காட்டும் மகானுபாவர்கள் இந்த ஊரில் உண்டு!

எண்ணெய்க் குளியல், லேகியம், மஞ்சள் வைத்த புதுத்துணி எல்லாம் ஆறு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். புதுசோடு ஆளுக்கு ஒரு பிஜிலி வெடி, அம்மாக்கள் போட்டோ எடுக்க. அதோடு பட்டுப்பாவாடையும் பளபளா குர்த்தாவும் உள்ளே போகட்டும். பழைய பருத்திச் சட்டை, காலில் ஷூ. ஆறு மணிக்கெல்லாம் விடிந்துவிடுவதால் அப்போது புஸ்வாணம் வைப்பது காசுக்குப் பிடித்த கேடு. லட்சுமி வெடி, குருவி வெடி என்று சத்தம் போடுவதையெல்லாம் காலையிலேயே தீர்த்துவிடுங்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயிலைச் சுற்றி நூறு மீட்டருக்குள் அதுவும் கூடாது. பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி பக்கம் குடியிருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

பற்றவைக்க நீள ஊதுவத்திதான். திரிக்கு நேர்மேலே குனியாமல், பக்கவாட்டில் கையை நீட்டி, நெருப்புப் பிடித்ததும் பின்வாங்க வேண்டும். வெடிக்காததை எட்டிப் பார்க்கப் போகாதீர்கள். கொஞ்ச நேரம் விட்டு, தூரத்திலிருந்தே தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

சாயங்காலம்தான் குழந்தைகளுக்கு உண்மையான தீபாவளி. புஸ்வாணம், சங்குசக்கரம், சாட்டை. கார் பார்க்கிங்கில் வைக்காதீர்கள், பெட்ரோல் வண்டிகள் நிற்கிற இடம். எங்கள் தெருவில் ராக்கெட்டுக்கு நான் போட்ட தடை இன்னும் நீடிக்கிறது. இரண்டு பக்கமும் பால்கனி, கொடியெல்லாம் துணி, அது எங்கே நுழையும் என்று யார் கண்டது? பாம்பு மாத்திரையைச் சாது என்று நினைக்கிறோம். புனேயில் அளந்து பார்த்தபோது நுண்துகளை அதிகம் கக்கியது அதுதான். வீட்டில் இளைப்பு உள்ளவர் இருந்தால் வாங்கவே வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது அணுகுண்டுக்கு இல்லை, கம்பி மத்தாப்புக்கு. எரிந்து முடிந்த கம்பி கறுத்துப்போய்த் தரையில் கிடக்கும், சூடு மட்டும் ஆறியிருக்காது. வெறுங்காலோடு ஓடிவரும் பொடிசு அதன்மேல்தான் மிதிக்கும். வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, எரிந்த கம்பி ஒவ்வொன்றையும் அதில் போட்டால்தான் அடுத்தது கையில் கிடைக்கும் என்று சட்டம் போடுங்கள். பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்.

சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்ட வேண்டும். இங்க், பற்பசை, மஞ்சள் எதுவும் தடவாதீர்கள். பெரிய காயமென்றால் 108. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. கண்ணில் பட்டால் கசக்காமல் நேராக எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போங்கள்.

மறுநாள் காலையில் பையன்கள் வெடிக்காததைப் பொறுக்கி, மருந்தைக் கொட்டிக் கொளுத்தக் கிளம்புவார்கள். அதற்கு முன்னால் நீங்கள் எழுந்து பெருக்கிவிடுங்கள். பட்டாசுக் குப்பையை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனிப்பையில் கட்டிக் கொடுத்தால் மாநகராட்சி தனியாக எடுத்துக்கொண்டு போகும். கொடுக்கும்போதே தூய்மைப் பணியாளர் கையில் இனாமும் ஒரு டப்பா பலகாரமும் வையுங்கள், அதிரசம் தீர்வதற்குள்.