விமானப் பயண நேரம்: டிக்கெட்டைப் பார்த்துப் போடும் தப்புக் கணக்குகள்

வட சென்னையில் மண்ணடி, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் துபாயிலோ சிங்கப்பூரிலோ பிள்ளைகள் வேலை பார்க்கிற வீடுகள் நிறைய. பெற்றோருக்கு டிக்கெட் வந்ததும் இறங்கும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்து, இத்தனை மணி நேரப் பயணம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் நம் ஊர் நேரம், இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். சென்னையிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், சுமார் 2,900 கி.மீ. இரண்டுக்கும் பறக்கும் நேரம் நான்கு மணிக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது, துபாய் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னே. இரவு 11 மணிக்குக் கிளம்பி நாலேகால் மணி நேரம் பறந்தால் சிங்கப்பூரில் காலை 5.45, துபாயில் இரவு 1.45. கழித்துப் பார்த்தால் ஒன்று ஆறே முக்கால் மணி நேரம், மற்றது இரண்டே முக்கால்! சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் பெரியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. உண்மையில் எத்தனை மணி நேரம் பறக்கிறோம் என்று சொல்லி, வேளைகளை எப்படி மாற்றுவது என டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

லண்டன் என்றால் இன்னொரு சிக்கல். அங்கே மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை.

போகிற நேரமே திரும்பி வரவும் ஆகும் என்று நினைப்பதும் தவறு. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று வீசுகிறது. சுமார் 8,200 கி.மீ. தள்ளியிருக்கும் லண்டனுக்குப் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்னிருந்து தள்ளும் காற்று. அதனால் வரும் பயணம் பெரும்பாலும் சீக்கிரம் முடியும். விமானம் மணிக்கு சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் என்று வைத்து, கிலோமீட்டரை 900-ஆல் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பதும் சரிவராது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்துத்தான் டிக்கெட்டில் நேரம் போடுகிறார்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது தேதிக் குழப்பம். 15-ஆம் தேதி 00.30 என்று இருந்தால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விமானம் முந்தின இரவே போயிருக்கும், பெரும்பாலும் டிக்கெட் பணமும் போய்விடும். வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புவதால் இந்தத் தவறு சுலபமாக நேர்ந்துவிடுகிறது.

அப்புறம், வட சென்னைக்காரர்களுக்கு மீனம்பாக்கம் ஊரின் மறுகோடி. விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோவில் வண்டி மாறாமல் போகலாம், அதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆனால் அதிகாலை 4 மணி விமானத்துக்கு நடுராத்திரியில் மெட்ரோ கிடைக்காது. முதல் நாள் இரவு கடைசி வண்டிக்கு முன்பே போய்விடுங்கள், இல்லையென்றால் டாக்சிக்குச் சொல்லி வையுங்கள். வெளிநாட்டு விமானங்களுக்கு மூன்று மணி நேரம் முன்பு போவது நல்லது. புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெட்டி போடும் கவுண்டரைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள்.