எண்ணெய் ஊறிய வயலில் மண் எடுக்கும்போது

திருவாரூர்ப் பக்கம் குழாய் உடைந்து கச்சா எண்ணெய் ஊறிய ஒரு வயலில், சோதனைக்கான மண்ணைப் பாலித்தீன் பையில் அள்ளினேன். பெரிய தப்பு. கச்சா எண்ணெயில் இருக்கும் பென்சீன் போன்ற நச்சுப் பொருள்கள் ஆய்வகம் போவதற்குள் ஆவியாகிவிடும். கண்ணாடி ஜாடிதான் வேண்டும். விளிம்புவரை காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பி, உடனே மூடி, ஐஸ் பெட்டியில் 4 டிகிரி வாக்கில் வையுங்கள்.

நாலடிக்கு மேல் ஆழமென்றால் குழிக்குள் இறங்கவே வேண்டாம். நம்ம டெல்டாக் களிமண், ஈரத்தில் சொல்லாமல் சரியும். ஜேசிபி வாளியில் வரும் மண்ணின் நடுவிலிருந்து, இரும்பு படாத பகுதியை எடுங்கள். கறுத்துப் பிசுபிசுவென்று இருப்பது கண்ணுக்கே தெரியும். மூக்கருகே கொண்டுபோய் முகராதீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் புதுக் கையுறை.

அப்புறம், எண்ணெய் படாத பக்கத்து வயலிலும் ஒரு ஜாடி எடுங்கள். அது இல்லாவிட்டால் விவசாயியின் மண் எவ்வளவு கெட்டது என்று ஒப்பிட்டுக் காட்ட வழியில்லை.