விட்டதைச் சொல்கிறோம், தொட்டதை மறைக்கிறோம்: புகையை விடும்போது நடக்கும் தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் பச்சை இலை ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். பீடியும் சிகரெட்டுமாக இருபது வருடத்துக்கு மேல் புகைத்தேன். தனியாக மூன்று முறை விட்டுப் பார்த்தேன், மூன்று முறையும் திரும்பிப் போனேன். நாலாவது முறை எட்டுப் பேர் சேர்ந்து விட்டோம். இலை வண்டி ஓட்டுகிறவர்கள், தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்கிறவர்கள், ஊட்டியில் டாக்ஸி ஓட்டும் இருவர், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். ஞாயிறு சாயங்காலம் ஒன்றாக உட்காருவோம், மற்ற நாட்களில் போன். நாங்கள் செய்த தவறுகளையே இனி வருகிறவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மலையில் இருக்கிறவர்கள் முதலில் நம்புவது குளிரை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். வண்டி ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். "ஒரு தம் போட்டால் உடம்பு சூடாகும்" என்று யாராவது நீட்டுவார்கள். நடப்பது நேர் எதிர். நிக்கோட்டின் தோலை ஒட்டிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. விரல் நுனிக்கு வரும் ரத்தம் குறைந்து, விரல் இன்னும் சில்லிடும். புகையோடு உள்ளே போகும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டும் வாயு அது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே ஏற்கெனவே சமவெளியைவிடக் குறைவு, அதிலும் பங்கு போட்டால் ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? புகையை நிறுத்திய ஓரிரு நாளிலேயே அந்த வாயு ரத்தத்தை விட்டுப் போய்விடும்.

குளிரில் இன்னொரு சங்கதியும் உண்டு. பனிக்காலையில் வாயிலிருந்து வரும் ஆவி அப்படியே புகை மாதிரி இருக்கும். விட்ட புதிதில் அதைப் பார்த்ததும் இரண்டு விரலும் தானாக உதட்டுக்குப் போகும். எங்கள் எட்டுப் பேருக்கும் இது நடந்தது. மஃப்ளரை மூக்கு வரை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். ஆவி கண்ணில் படாது, பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

தேதி குறிப்பதிலும் கவனம் வேண்டும். ஜனவரி 1 என்று வைப்பவர்கள்தான் அதிகம். அது இங்கே கடுங்குளிர், முதல் நாள் ராத்திரி தூக்கமும் இருக்காது. டாக்ஸிக்காரர்கள் ஏப்ரல், மே சீசனைத் தவிர்ப்பது நல்லது. ரொம்பத் தள்ளியும் வைக்காதீர்கள், இரண்டு வாரத்துக்குள் ஒரு சாதாரண நாள் போதும். அந்த நாளுக்கு முன் வீட்டில் சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள்தான் எரிச்சல் உச்சத்தில் இருக்கும், மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். காரணம் தெரியாவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் அதைத் தங்கள் மேல் வந்த கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம் டீ. நாங்கள் பிழைப்பதே தேயிலையில்தான், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். புகைக்கிறவர் உடம்பு காஃபீனை வேகமாகச் செரித்துவிடும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறையும். ஆகவே பழைய கணக்கிலேயே ஏழு எட்டு டீ குடித்தால், முன்பைவிட அதிகக் காஃபீன் உடம்பில் தங்குகிறது. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ராத்திரி தூக்கம் வராது. "சிகரெட் இல்லாததால்தான் இப்படி" என்று நினைத்துப் பெட்டிக்கடைக்குப் போய்விடுவார்கள். எங்களில் ஒருவர் ஐந்தாம் நாள் இப்படித்தான் திரும்பிப் போனார். அடுத்த முறை டீயைப் பாதியாகக் குறைத்தார், தூக்கம் வந்தது.

மருந்துக்கடையில் கிடைக்கும் நிக்கோட்டின் சூயிங்கம்மையும் டீ கெடுக்கும். "நானும் மென்று பார்த்தேன், வேலை செய்யவில்லை" என்று பலர் சொல்வார்கள். விசாரித்தால் மிட்டாய் மாதிரி விடாமல் மென்றிருப்பார்கள், கையில் டீ டம்ளரும் இருந்திருக்கும். நாக்கில் காரம் சுருக்கென்று தெரியும் வரைதான் மெல்ல வேண்டும். பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி நாலு கடி. இப்படி அரை மணி நேரம். நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ஏறும், எச்சிலோடு விழுங்கினால் வயிற்றைப் புரட்டும், விக்கல் வரும். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, ஜூஸ் வேண்டாம். கண் விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் பீடியைப் பற்ற வைக்கிறவர் என்றால் 2 மில்லிகிராம் போதாமல் போகலாம், டாக்டரைக் கேளுங்கள். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் எடுக்கவே கூடாது. நண்பர்கள் தைரியம் தரலாம், மருந்தின் அளவு சொல்லக் கூடாது என்பதில் எங்கள் வாத்தியார் கறாராக இருப்பார்.

பீடியிலிருந்து சிகரெட்டுக்கோ, சிகரெட்டிலிருந்து உதட்டுக்குள் வைக்கும் புகையிலைக்கோ மாறுவது விடுவது ஆகாது. "நாளைக்கு ஒன்றே ஒன்று" என்பதும் ஆகாது. நாளைக்கு ஒன்று பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்குக் கூடுதலாக இருக்கும் மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழ பாதி இருக்கத்தான் செய்கிறது. அவசரத்துக்கு என்று டேஷ்போர்டில் ஒரு பெட்டியைப் போட்டு வைத்திருந்தால் அந்த அவசரம் கட்டாயம் வரும். தூக்கிப் போடும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 2018 செப்டம்பரிலிருந்து எச்சரிக்கைப் படத்தோடு ஒரு எண்ணையும் அச்சிடுகிறார்கள்: 1800-11-2356. அரசின் இலவச ஆலோசனை எண் அது, தமிழிலும் பேசலாம். போனில் சேமித்துவிட்டு அப்புறம் பெட்டியை வீசுங்கள்.

இனி நண்பர்கள் விஷயம். ஆரம்பத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கமும், "இன்று பத்தாம் நாள்" என்ற அறிவிப்பும், அதற்குக் கைதட்டலும்தான் இருந்தன. ஃபாக்டரி வாசலில் இலை எடை போட வரிசையில் நிற்கும்போது, முன்னால் நிற்கும் வண்டியிலிருந்து புகை வாசம் வரும். அந்த நிமிடத்துக்குக் கைதட்டல் உதவவில்லை. பிறகுதான் ஆளுக்கு ஒரு துணை என்று வைத்தோம். பற்ற வைப்பதற்கு முன் அவருக்கு ஒரு போன், அவ்வளவுதான் விதி. எனக்கு வாத்தியார் துணை. நான் கூப்பிட்டால் அறிவுரையே சொல்ல மாட்டார். "எங்கப்பா நிக்கிற? வண்டிய விட்டு இறங்கு. இன்னைக்கு எத்தனை கிலோ இலை? எந்த ஊர் லோடு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் வரிசை நகர்ந்திருக்கும். ஒரு தவிப்பு பெரும்பாலும் சில நிமிடம்தான், அதைத் தாண்ட ஒரு குரல் போதும்.

நான் செய்த பெரிய தவறு ஏழாம் மாதத்தில் நடந்தது. உறவில் ஒரு சாவு. ராத்திரி முழுக்க வெளியே தீ மூட்டி உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் ஒரு பீடியை நீட்டினார், வாங்கிவிட்டேன். காலையில் வாத்தியாரிடமிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. "சாவு வீட்டில் இருக்கிறேன்" என்று மட்டும் மெசேஜ் போட்டேன். குழுவில் என் பெயருக்கு நேரே 212 என்று நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை உடைக்க மனசு வரவில்லை. அந்த ஒரு பீடியால் நான் கெட்டுப்போகவில்லை. மறைத்ததால், கூப்பிட ஆள் இல்லாமல் போனேன். பதினோராம் நாள் நான் பழையபடி ஒரு கட்டு பீடி வாங்கிக்கொண்டிருந்தேன். விட்டதைச் சொல்ல நமக்கு வாய் வருகிறது, தொட்டதைச் சொல்ல வருவதில்லை.

பன்னிரண்டாம் நாள் வாத்தியார் பஸ் ஏறி ஃபாக்டரி வாசலுக்கே வந்துவிட்டார். திட்டவில்லை. "எப்ப, எங்க, யாரு குடுத்தா?" என்று மூன்று கேள்விதான். மூன்றுக்கும் பதில் சொன்னேன். அடுத்த சாவு வீட்டுக்கு யாரைக் கூட்டிப் போவது என்று அங்கேயே நின்று பேசி முடிவு செய்தோம். அன்றைக்கே நாள் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டோம். கணக்கு நீள நீள, தவறினால் சொல்லும் கூச்சமும் நீள்கிறது என்பது என் அனுபவம். சிலருக்கு எண்ணிக்கை உற்சாகம் தரும், அவர்கள் வீட்டுக் காலண்டரில் எழுதிக்கொள்ளட்டும்.

தவறிய ஒருவர் வாய் திறந்து சொல்லும்போது, கேட்கிறவர்கள் செய்யும் தவறு உண்டு. "எனக்குத் தெரியும், உன்னால் முடியாது" என்று ஒருவர் சிரித்துவிட்டால் போதும், அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். எங்கள் குழுவில் ஒரு தம்பி அப்படித்தான் போனான். சிரித்தது நாங்கள்தான். இரண்டு முறை அவன் வீட்டுக்குப் போய் வந்தேன், இன்னும் வரவில்லை. மறுபடியும் போவேன்.

விட்டு ஒரு வருடம் ஆனதும் குழுவை விட்டுச் சத்தமில்லாமல் விலகுவதும் தவறுதான். ஒரு வருடத்தில், கூடுதலாக இருந்த மாரடைப்பு ஆபத்து பாதியாகக் குறைந்திருக்கும், நம்பிக்கை வந்திருக்கும். ஆனால் புதிதாக வருகிறவருக்கு யார் துணை? போன மாதம் சேர்ந்த ஒருவருக்கு இப்போது நான் துணை. விடிகாலை ஐந்தே முக்காலுக்கு அவர் போன் வரும், முதல் பீடி பிடிக்கும் நேரம் அது. "எங்க நிக்கிறீங்க அண்ணே? அங்க பனி எப்படி?" என்று ஆரம்பிப்பேன்.