கைக்குழந்தையோடு வாளையாறு தாண்டிச் சாப்பிடப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் குழந்தை பிறந்த வீட்டில் வெளிச்சாப்பாடு என்றாலே பார்சல் என்று ஆகிவிடுகிறது. தமிழக-கேரள எல்லையில் வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆப்பமும் ஸ்டூவும், ஊண் என்கிற மத்தியானக் கேரளச் சாப்பாடும் எட்டிப்பிடிக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன. இருந்தும் போகிறவர்களில் பலர், ஒருவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடக்க, மற்றவர் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்து வருகிறார்கள். கடைக்காரர் மேல் குறை சொல்ல இதில் அதிகம் இல்லை. எப்போது கிளம்பினோம், எங்கே உட்கார்ந்தோம், எதை எந்த வரிசையில் சொன்னோம் என்ற மூன்றிலும்தான் சாப்பாடு கெடுகிறது.

நமக்குப் பசிக்கும்போது கிளம்புவது

இரண்டு மூன்று மாதக் குழந்தை தொடர்ந்து விழித்திருப்பது ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். ஆறு மாதத்தில் அது இரண்டு, இரண்டரை மணி நேரமாகும். பத்து மாதத்தில் மூன்று மணி நேரத்துக்குப் பக்கம் வரும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் ஒன்றரை மணிக்குப் போய் உட்கார்ந்தால், கூட்டமும் குழந்தையின் தூக்கமும் ஒரே நேரத்தில் மோதும்.

மூன்று மாதக் குழந்தை காலை 10.30க்கு விழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே பால். 11 மணிக்கு டயபர் மாற்றி, 11.15க்குக் கிளம்பினால் வண்டியிலேயே கண் சொக்கும். பன்னிரண்டு மணிக்குள் கடைக்குள் இருப்பீர்கள். ஊண் அப்போதுதான் இறங்கும், மேசையும் காலியாக இருக்கும். பாலைக் கடையில் போய்க் கொடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவது வேண்டாம். பசியோடு புது இடத்துக்கு வந்த குழந்தை வெளிச்சத்தையும் சத்தத்தையும் பார்த்துப் பாலைப் பாதியில் விட்டுவிடும், இருபது நிமிடம் கழித்து மறுபடி அழும்.

பலரும் குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்று காத்திருக்கிறார்கள். உண்மையில் இரண்டிலிருந்து ஐந்து மாதம் வரைதான் இதற்கு எளிதான காலம். தவழத் தொடங்கிய பிறகு ஒன்றரை வயது வரை மேசையில் உட்காரவைப்பதே பெரும்பாடு. ஆறாவது வாரத் தடுப்பூசி போடும்வரை மட்டும் கூட்டமான இடத்தைத் தவிர்ப்பது நல்லது. மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றாலே உடனே டாக்டரிடம் போக வேண்டிய வயது அது. கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்ச வருகிறவர்களிடம் "கை மட்டும் கழுவிட்டு வாங்க" என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

நாள் பார்ப்பதும் முக்கியம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பிரியாணிக் கடைகள் நிரம்பும். ரமலான் மாதத்தில் பல கடைகள் பகலில் அடைத்திருக்கும், மாலை நோன்பு திறக்கும் நேரத்தில் நெரியும். கார்த்திகை முதல் தை தொடக்கம் வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் கொச்சி நெடுஞ்சாலையோரச் சைவ ஓட்டல்களில் காலையிலேயே இடம் இருக்காது. கேரளத்தில் ஹர்த்தால், அதாவது கடையடைப்பு என்றால் டீக்கடைகூடத் திறக்காது. கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கிடைத்த இடத்தில் உட்காருவது

சுவர் ஓரம், முடிந்தால் மூலை. நடுவில் உள்ள மேசையைச் சுற்றிச் சப்ளையர்கள் சூடான பாத்திரத்தோடு போய்வருவார்கள். கொத்துப் பரோட்டா போடும் கல்லுக்குப் பக்கத்திலும், அல்பாம் என்கிற சுட்ட கோழி, ஷவர்மா அடுப்புக்கு எதிரிலும் உட்கார வேண்டாம். சத்தத்தில் குழந்தை திடுக்கிட்டு எழும், புகையும் ஆகாது. பல ஓட்டல்களில் திரை போட்ட ஃபேமிலி ரூம் இருக்கும். பால் கொடுக்க அதைவிட வசதியான இடம் இல்லை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏசி நேரே முகத்தில் அடிக்கிற இருக்கையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

பேபி சேர் இருக்கிறதே என்று நாலு மாதக் குழந்தையை அதில் உட்காரவைக்கக் கூடாது. பிடிமானமில்லாமல் தானாக உட்காரும் வயது வந்த பிறகுதான் அது. இடுப்பு வார், காலுக்கு இடையில் வரும் வார் இரண்டும் இருக்கிறதா, கொக்கி பிடிக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். வார் அறுந்த சேரில் குழந்தை வழுக்கிக் கீழே போகும், அல்லது எழுந்து நின்று கவிழும். கார் சீட்டோடு குழந்தையை மேசை மேலோ, கவிழ்த்த பேபி சேர் மேலோ வைப்பதும் அதே ஆபத்துதான்.

சூடுவெள்ளத்தைக் கவனிக்காமல் விடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் உட்கார்ந்ததும் முதலில் வருவது பதிமுகம் என்ற மரச்சீவல் போட்ட இளஞ்சிவப்புச் சூடுவெள்ளம், அதாவது குடிக்கிற வெந்நீர். ஆவி பறக்க, எவர்சில்வர் டம்ளரில், மேசை விளிம்பில் வைத்துவிட்டுப் போவார்கள். ஐந்து மாதக் குழந்தை கண்ணில் பட்டதை எட்டிப் பிடிக்கும். இன்னும் இரண்டு மூன்று மாதம் போனால் வாழை இலை நுனியைப் பிடித்து இழுக்கும், இலையோடு சாம்பாரும் மடியில் விழும். குழந்தையின் தோல் பெரியவர்கள் தோலைவிட மெல்லியது. போட்டுக் கால் மணி நேரமான சாயாவில்கூட அது வெந்துபோகலாம்.

உட்காரும்போதே "சேட்டா, சூடுவெள்ளத்தை அந்தப் பக்கம் வையுங்க" என்று சொல்லிவிடுங்கள். குழந்தையின் கை எட்டும் தூரத்தை ஒரு முழம் என்று வைத்து, அதற்குள் இலை, டம்ளர், ரசக் கிண்ணம் எதுவும் வேண்டாம். கேரியர் பையில் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சாயா குடிப்பதும், குழம்பூற்றிச் சாப்பிடுவதும் வேண்டவே வேண்டாம். சிந்தினால் அதன் தலையில்தான் சிந்தும்.

அப்படியும் பட்டுவிட்டால், நேரே கை கழுவும் குழாய்க்குப் போங்கள். நனைந்த துணி, வளையல், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்க்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள், காயம் படாத உடம்பு குளிராமல் துணியால் போர்த்திக்கொள்ளுங்கள். ஐஸ், பேஸ்ட், தேங்காயெண்ணெய், நெய் எதையும் தடவாமல், சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கைக்குழந்தைக்குச் சின்னத் தீப்புண் என்றாலும் டாக்டர் பார்த்தாக வேண்டும். 108 ஆம்புலன்ஸ் எல்லையின் இரண்டு பக்கமும் வரும்.

இரண்டு பேர் கையும் ஒன்றாக எச்சிலாவது

நம் ஊர்ச் சாப்பாட்டில் இதுதான் பெரிய சிக்கல். இருவரும் ஊண் சொல்லி, இருவரும் பிசைந்து சாப்பிடும்போது குழந்தை அழுதால், கை கழுவிவிட்டு ஓடி வருவதற்குள் அழுகை உச்சத்துக்குப் போய்விடும். பிறகு எளிதில் அடங்காது. எந்த நேரமும் ஒருவர் கை சுத்தமாக இருக்க வேண்டும். அதற்கு வழி, ஒருவர் ஊண், மற்றவர் ஸ்பூனில் சாப்பிடக்கூடியது. பிரியாணி, ஸ்டூ ஊற்றிய இடியாப்பம் எல்லாம் ஒரு கையால், ஸ்பூனால் முடியும். வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன் பொள்ளிச்சது அப்படி இல்லை. இலையைப் பிரிக்க இரண்டு கையும் வேண்டும், முள்ளும் பொடிசு. மடியில் குழந்தை இருக்கிற நாளில் மீன் ஆசை என்றால் தேங்காய்ப்பாலில் செய்யும் நெய்மீன் மோளி சொல்லுங்கள். துண்டு கனமாக, நடுமுள்ளோடு வரும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்வது இதற்கு அடுத்த தவறு. ஆப்பத்தின் ஓரம் நாலைந்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். ஆறிய பரோட்டா சவ்வு மாதிரி இழுக்கும். ஸ்டூ, கடலைக்கறி, பீஃப் வறட்டியது எல்லாம் காத்திருந்தாலும் கெடாது, சூடு காட்டவும் செய்யலாம். ஆகவே குழம்பு வகையை முதலில் முழுதாகச் சொல்லிவிட்டு, "இப்ப ரெண்டு ஆப்பம் போதும், அடுத்த ரெண்டு நான் சொன்னப்புறம் ஊத்துங்க சேட்டா" என்று சப்ளையரிடம் சொல்லுங்கள். முதல் ஆள் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கும்போது இரண்டாவது ஆளுக்கு அடுப்பிலிருந்து நேராக வரும். மறுக்கிற கடை அபூர்வம். எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே, இருவரும் சூடாகச் சாப்பிட்டு எழுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

பால் கொடுக்கும் அம்மா காரம் தின்றால் குழந்தைக்கு வயிறு வலிக்கும் என்று அவரை வெறும் இட்லியோடு நிறுத்திவிடுவதும் உண்டு. வழக்கமாகச் சாப்பிடுவதை அவர் தாராளமாகச் சாப்பிடலாம்.

நம் தட்டிலிருந்து ஊட்டுவது

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். நாக்கில் பாயசம் தொட்டு வைப்பதும் வேண்டாம், ஒரு வயதுக்குள் தேன் அறவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாக்டீரியா விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கும். ஒரு வயதுக்குள் ஒரு நாளைக்கு மொத்த உப்பே 1 கிராமுக்குள் இருக்க வேண்டும், கடைச் சாம்பார் சாதம் அதற்கு ஒத்துவராது.

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு இந்தப் பக்கம் நல்ல பண்டங்கள் இருக்கின்றன. ஆவியில் வேகவைத்த நேந்திரம்பழத்தை நடுவிலுள்ள கறுப்பு விதைத் தண்டு நீக்கி மசித்துக் கொடுக்கலாம். எலப்புள்ளிப் பக்கத்து ராமசேரி இட்லி ஆறினாலும் மெதுவாக இருக்கும். பொடி தொடாமல், எட்டு மாதக் குழந்தைக்குக் கடுகளவு கடுகளவாகக் கிள்ளிக் கொடுக்க ஏற்றது. கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசிச் சோறு அப்படியே கொடுத்தால் பருக்கை விறைப்பாக நிற்கும், வெந்நீர் விட்டுக் குழைக்க வேண்டும். புட்டை உதிரியாகக் கொடுத்தால் புரையேறும்.

அழுகை நிற்கட்டும் என்று கையில் அப்பளத்தைக் கொடுப்பவர்கள் நிறைய. உடைந்த துண்டு அண்ணத்தில் ஒட்டும், கூரான முனை தொண்டையில் நிற்கும். வேர்க்கடலை, முழுத் திராட்சை, மீன் துண்டு எல்லாம் அதே வகை. மூச்சடைத்துச் சத்தம் வராமல் போனால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு. போகவில்லையென்றால் மல்லாத்தி மார்பின் நடுவில் 5 அழுத்தல். மாறி மாறிச் செய்துகொண்டே 108க்குச் சொல்லச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும்.

பையும் பாலும்

பவுடர் பாலைக் கடைத் தண்ணீரில் கரைக்க வேண்டாம். பதிமுக வெள்ளத்தில் ஆறவைக்கப் பச்சைத் தண்ணீர் கலக்கிற இடமும் உண்டு. வீட்டில் கொதிக்கவைத்த தண்ணீரை நல்ல பிளாஸ்கில் நிரப்பிக்கொண்டு போங்கள். கலக்கும்போது 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பிறகு குழாயடியில் பாட்டிலை ஆற்றி, மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள். கரைத்த பாலுக்கு இரண்டு மணி நேரம், வாய் வைத்த பாலுக்கு ஒரு மணி நேரம். பிழிந்தெடுத்த தாய்ப்பால் 25 டிகிரியில் நாலு மணி நேரம் தாங்கும். பாலக்காட்டுப் பங்குனி வெயிலில் அந்தக் கணக்கு செல்லாது, ஐஸ் பேக் வைத்த பை வேண்டும். நிறுத்திய காரில் பாலையும் விடக் கூடாது, குழந்தையையும் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது.

டயபர் மாற்றும் பலகை உள்ள கழிப்பறை இந்த வழியில் அரிது. கடைக்குள் நுழையும் முன் காரின் பின் சீட்டில் மாற்றிவிடுங்கள். டயபர் மூன்று, பழைய வேட்டித்துணி மூன்று, குழந்தைக்கு மாற்றுடை இரண்டு, அம்மாவுக்கு ஒரு மேல்சட்டை இருந்தால் போதும். கார் சீட்டில் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் குழந்தையை விடாதீர்கள். பைக்கில் போகிறவர்களுக்கு: 9 மாதம் முதல் 4 வயது வரை பாதுகாப்பு வார், ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் என்பது 2023 பிப்ரவரி முதல் சட்டம். அதைவிடச் சின்னக் குழந்தையை பைக்கில் கொண்டு போகாமல் இருப்பதே சரி.

மீந்ததைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது

கேரளத்தில் 2023 ஜனவரி முதல் பார்சலில் தயாரித்த நேரமும், எதற்குள் சாப்பிட வேண்டும் என்பதும் ஒட்டியிருக்க வேண்டும். பொதுவாக இரண்டு மணி நேரம். மலம்புழா அணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவு வீட்டில் பிரிக்கலாம் என்றால், பால் கொடுக்கும் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு வந்து, வீடே அல்லாடும். பச்சை முட்டை மயோனைஸுக்கும் அதே மாதத்தில் அங்கே தடை வந்தது. அல்பாம் கூட வருவது எந்த மயோனைஸ் என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

பில்லைக் கடைசி உருண்டை உள்ளே போகும் முன்பே கேட்டுக் கட்டிவிடுங்கள். கல்லாவில் வரிசை நிற்கும்போதுதான் பல குழந்தைகள் எழும். பணம் கட்டியாகிவிட்டது, குழந்தை இன்னும் தூங்குகிறது என்றால் இரண்டு சுலைமானி (எலுமிச்சை பிழிந்த கட்டன் சாயா) சொல்லலாம். குழந்தை யார் மடியில் இல்லையோ அவர் முதலில் குடிக்கட்டும். அடுத்த டம்ளர், குழந்தை கை மாறிய பிறகு வரட்டும்.