பஸ் ஏறிப் போய்க் கடலோரம் நடப்பது எப்படி? சிலியாவிலிருந்து தஞ்சோங் துவான் வரை

சிலியாவ், லுக்குட், சுவா பெத்தோங் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குக் கடல் பக்கத்து ஊர்தான். ஆனாலும் மலேசியாவின் நெகிரி செம்பிலான் கடற்கரைப் பட்டணமான போர்ட்டிக்சன் என்றாலே வேன் பிடித்து, பாய் விரித்து, சோற்றுச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டுத் திரும்புவதே வழக்கமாகிவிட்டது. கார் இல்லாமல், பஸ்ஸை மட்டும் நம்பி அந்தக் கரையில் ஒரு நாள் நடக்க நினைப்பவர்களுக்காக இது.

இரண்டு நேரங்கள் உங்கள் கையில் இல்லை: கடல் வற்றும் நேரம், கடைசி பஸ் புறப்படும் நேரம். முதலில் இவை இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: நாள் பார்ப்பது

வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டி போதும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் அடுத்த ஓரிரு நாள்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். பாறைகளும் கெட்டி மணலும் வெளியே தெரிவது அப்போதுதான். அரைநிலா நாள்களில் வற்றம் சோம்பலாக இருக்கும். தண்ணீர் பாறையை விட்டு நகராது. ஆக, நல்ல காரியத்துக்கு அஷ்டமி நவமி ஆகாது என்பவர்களின் பேச்சு இந்த நடைக்கும் பொருந்திவிடுகிறது. காரணம் மட்டும் வேறு.

படி 2: வற்றம் எத்தனை மணிக்கு?

நாளைக் குறித்தபின் அட்டவணை பாருங்கள். கைப்பேசிச் செயலியிலும் அரசாங்கம் வெளியிடும் பட்டியலிலும் 'ஆயர் பாசாங்' என்றால் ஏற்றம், 'ஆயர் சூருட்' என்றால் வற்றம். ஒரு நாளில் பெரும்பாலும் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் வரும். நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் பார்த்த நேரத்தை இந்த வாரம் நம்பிப் போனால் ஏமாற்றம்தான். இடம் போர்ட்டிக்சன்தானா என்றும் கவனியுங்கள். சில செயலிகள் தாமாகவே கிள்ளான் துறைமுகத்தைக் காட்டும். அந்த நேரம் இங்கே ஒத்துவராது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வற்றம் காலை 11.40க்கு 0.5 மீட்டர், அடுத்த ஏற்றம் மாலை 5.50க்கு 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 1.9 மீட்டர். இதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு பங்கு சுமார் 16 சென்டிமீட்டர். முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு ஏறும், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. அதாவது 12.40க்குக் கணுக்காலைத் தாண்டியிருக்கும், 2.40க்கு ஒரு மீட்டரை நெருங்கிவிடும். முதல் மணி நேரத்தில் தண்ணீர் நகர்வதே தெரியாததால்தான் ஆட்கள் பாறையில் மாட்டிக்கொள்கிறார்கள். அலை பெரிதாவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே விதி இதுதான்: வற்ற நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகப் பாறைப்பகுதிக்கு வந்துவிடுங்கள், வற்றத்துக்குப்பின் ஒரு மணிக்குள் வெளியேறிவிடுங்கள். காலை 10 மணியிலிருந்து பகல் 1 மணிக்குள் வற்றம் விழும் சனி அல்லது ஞாயிறு, முதல் தடவைக்கு நல்ல நாள்.

படி 3: பஸ்

கோலாலம்பூர் பக்கமிருந்து வருகிறவர்கள் கொமியூட்டர் ரயிலில் சிரம்பானில் இறங்கி, டெர்மினல் ஒன் பஸ் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கே போர்ட்டிக்சன் பஸ் கிடைக்கும். சிலியாவிலும் லுக்குட்டிலும் ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய சாலை வழியாக வரும் வண்டிதான் உங்களுக்கு உதவும், நெடுஞ்சாலையில் போகும் வண்டி ஊருக்குள் வராது. நிறுத்தத்தில் பேசாமல் நின்றால் பஸ் நிற்காது, கையை நீட்டுங்கள். ஐம்பது வெள்ளி நோட்டுக்குச் சில்லறை கேட்டு ஓட்டுநரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல், ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகளாக வைத்திருங்கள்.

போர்ட்டிக்சன் பஸ் நிலையத்தில் இறங்கி, கரையோரச் சாலையில் தெலுக் கெமாங் பக்கம் போகும் பஸ்ஸுக்கு மாற வேண்டும். இது அடிக்கடி வராது. ஏறும்போதே கேட்டுவிடுங்கள்: "பாங், பஸ் திராக்கிர் பாலிக் புக்குல் பெராப்பா?" திரும்ப வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் கேள்வி. கிடைத்த பதிலிலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழித்து, அதையே உங்கள் கடைசி பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் பொய் சொல்கிறார் என்றில்லை, ஆள் இல்லாத நாளில் கடைசி வண்டி வராமலும் போகலாம்.

பலர் பட்டணத்தில் நடக்கத் தொடங்கிக் களைக்கும்வரை தெற்கே போகிறார்கள். பஸ் அரிதாக வரும் இடத்தில் கால் ஓய்ந்து நிற்பதுதான் மிச்சம். தலைகீழாகச் செய்யுங்கள்: காலையில் தொலைவான முனையான தஞ்சோங் துவான் பக்கம் பஸ்ஸில் போய்விட்டு, பட்டணத்தை நோக்கி நடந்து வாருங்கள். எங்கே சலித்தாலும் மேலே சாலைக்கு ஏறினால் வீடு திரும்பும் திசையில்தான் இருப்பீர்கள்.

படி 4: காலுக்கும் தோளுக்கும்

விலை உயர்ந்த காலணி தேவையில்லை. பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, நாடே 'அடிடாஸ் கம்போங்' என்று செல்லமாகக் கூப்பிடுவது, இந்தப் பாதைக்கு அளந்து செய்ததுபோல் இருக்கும். அடியில் உள்ள குமிழ்கள் ஈரமண்ணையும் வேரையும் கவ்விக்கொள்ளும். ஒரு குறை உண்டு: உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. மெல்லிய காலுறையோடு ஈரத்தில் நடந்தால் அரை மணியில் குதிகால் கொப்பளித்துவிடும். ஒரு அளவு பெரிதாக வாங்கி, தடித்த காலுறை போடுங்கள். மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடியைப் பையில் வையுங்கள். பாசி படிந்த பாறையில் எந்தச் சப்பாத்தும் வழுக்கும், இதுவும்தான். சிலிப்பர் வேண்டாம், படி இறங்கும்போது வார் பிய்ந்தால் வெறுங்காலோடு சிப்பி ஒட்டிய பாறையில் நிற்பீர்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, உப்புக்கடலை அல்லது பிஸ்கட், ஒரு சிறு போத்தலில் வினிகர் (எதற்கென்று பிறகு). எல்லாம் முதுகுப்பைக்குள் போக வேண்டும். சிவப்பு பிளாஸ்டிக் பையில் நாசி லெமாக் பொட்டலத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு போனால், காட்டு வாசலிலேயே குரங்கு அதை வாங்கிக்கொள்ளும். பசியாறுவதைப் பட்டணத்தில் முடித்துவிட்டுப் போங்கள்.

படி 5: தஞ்சோங் துவான்

நெகிரி செம்பிலானுக்கு நடுவே இருந்தாலும் இந்த முனை மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். ஏறத்தாழ 80 ஹெக்டர் காடு. பஸ் உள்ளே போகாது. பெரிய சாலைச் சந்திப்பில் இறங்கினால் வாசலுக்கு அரை மணி நேரம்போல் நடை. தார்ச்சாலைதான், ஆனால் நிழல் குறைவு. சேர்ந்து வந்தவர்கள் கிராப் வாடகைக் கார் பிடித்துப் பங்கு போட்டுக்கொள்ளலாம், நாலு பேருக்கு அது ஒன்றும் பெரிய காசில்லை.

வாசலிலிருந்து கலங்கரை விளக்கம்வரை சுமார் ஒரு கிலோமீட்டர் மேடு. புதியவர்கள் இருபது நிமிடம் எடுத்து மெதுவாக ஏறலாம். பதினாறாம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியர் இங்கே விளக்கு வைத்தார்கள். இப்போது நிற்கும் கோபுரம் 1863இல் கட்டியது. 1606இல் டச்சுக்காரர்களும் போர்த்துக்கீசியரும் கடலில் மோதிக்கொண்டது இந்த முனைக்கு எதிரில்தான்.

மார்ச் மாதம் வந்திருந்தால் இங்கேயே நின்று அண்ணாந்து பாருங்கள். சுமத்திராவிலிருந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் மலாக்கா நீரிணையின் ஒடுங்கிய பகுதியில், சுமார் 38 கிலோமீட்டர் தண்ணீரைக் கடந்து இந்தக் காட்டில்தான் கரையேறும். சூடான காற்று மேலெழும் இடத்தில் சிறகை விரித்து மிதப்பது பருந்தின் பழக்கம். கடல்மேல் அந்தக் காற்று கிடைக்காததால் சிறகடித்தே வந்து சேர வேண்டும். அதனால் களைத்துப்போய் மரத்தலைக்கு ஒட்டிப் பறக்கும். பதினொரு மணிக்குமேல் பார்க்கத் தோதான நேரம்.

கலங்கரை விளக்கத்துப் பக்கமிருந்து கடலுக்குப் படியும் மண்பாதையுமாகச் செங்குத்தாக இறங்கும். மழை பெய்த மறுநாள் மண்பகுதி சோப்புபோல வழுக்கும். பக்கவாட்டில் திரும்பி, ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். கீழே புலாவ் இந்தான் என்ற பாறைத்திட்டு இருக்கிறது. வற்றத்தில் மட்டுமே காலை நனைக்காமல் அதன் அருகே போக முடியும். படி 2இல் போட்ட கணக்கு இதற்குத்தான். ஏறி வர இறங்கியதைவிட இரண்டு பங்கு நேரம் ஒதுக்குங்கள்.

படி 6: கட்டைக் கணக்கில் திரும்புவது

இந்தக் கரையில் தூரத்தை இன்னும் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். பட்டணத்திலிருந்து இத்தனையாவது மைல் என்பதே அதன் பொருள். ஒரு கட்டை 1.6 கிலோமீட்டர். தெலுக் கெமாங் எட்டாம் கட்டையை ஒட்டியது, சௌஜானா ஐந்தாம் கட்டைப் பக்கம். கெட்டி மணலில் ஒரு கட்டைக்கு 25 நிமிடம், கால் புதையும் மணலில் 35 நிமிடம் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

கடல் இடக்கைப் பக்கமாகவே இருக்க வேண்டும். கரை ஒரே நீட்டாகப் போகாது: ஓடை குறுக்கிடும், ஹோட்டல் சுவர் மறிக்கும், சில இடங்களில் இராணுவ நிலம். 'கவாசான் லாராங்கான்' (தடைசெய்யப்பட்ட பகுதி) பலகையைக் கண்டால் வாதம் வேண்டாம், சாலைக்கு ஏறிச் சுற்றிப் போங்கள். ஓடை முழங்காலுக்கு மேல் இருந்தாலும் அப்படியே. முதல் தடவை தெலுக் கெமாங்கிலேயே சாப்பிட்டு நடையை முடித்துக்கொள்வது நல்லது. மேலே கணக்குப் போட்ட நாளில் பார்த்தால், பிற்பகலுக்குள் ஏற்றம் கெட்டி மணலை விழுங்கிவிடும். மிஞ்சுவது கால் புதையும் ஒடுங்கிய பட்டைதான்.

தவறிப்போகும் இடங்கள்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வழக்கம். இடிச்சத்தம் காதில் விழுந்தாலே மணலை விட்டு கட்டடத்துக்குள் போய்விடுங்கள். தனித்து நிற்கும் மரத்தடியும் கூரை மட்டும் உள்ள குடிலும் பாதுகாப்பில்லை.

சொறிமீன் பட்டால் மணலால் தேய்க்காதீர்கள், கொட்டும் நுண்ணிழைகள் இன்னும் வெடிக்கும். வினிகர் இருந்தால் அரை நிமிடம் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் கடல்நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் வேண்டாம். மூச்சுத் திணறினால் உடனே 999.

இருட்டத் தொடங்கியபின் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள் என்றால் சாலையின் சரியான பக்கம் எது என்று ஒருமுறை பாருங்கள்: பட்டணம் போகும் வண்டி கடற்பக்கம்தான் நிற்கும். கைப்பேசி விளக்கைத் தரைப்பக்கம் ஆட்டிக் காட்டுங்கள், ஓட்டுநர் கண்ணில் அடிக்காதீர்கள்.